தட்டிப் பார்த்து வெட்டு

கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூத்த பிறகுதான் மேல்வீட்டுக்காரருக்குத் தன் குளியலறைத் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கவலையே வருகிறது. குழாய் போகும் வழிக்கு நம் வீடுகளில் வரைபடம் கிடையாது. பதித்த பிளம்பருக்குத் தெரியும். அவர் இருக்குமிடம் யாருக்கும் தெரியாது.

நல்ல கொத்தனார் எடுத்தவுடன் உளியைத் தொடுவதில்லை. சுத்தியல் பிடியால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்றால் கெட்டி. பொத்தென்றால் அடியில் கலவை விட்டுப்போயிருக்கிறது. அங்கே ஆரம்பித்தால் பக்கத்துக் கல் பிழைக்கும்.

மயிலாப்பூரில் ஒரு பழைய மாடியை வெட்டும்போது முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். மேலே வழுக்காத டைல்ஸ், அடியில் மொசைக், அதற்கும் அடியில் கடப்பா கல். பழையதைப் பெயர்க்கச் சோம்பி, மேலேயே ஒட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஆசாரியை அழைத்துக் கதவின் அடியைச் சீவியதோடு சரி. கடைசியில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் வந்தன. கொத்தனார் மெஷினை நிறுத்திவிட்டார். மெட்ராஸ் டெரஸ்! தேக்கு உத்திரங்களின் மேல் சன்னச் செங்கலைக் குத்துவாட்டில், கோணலாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்த தளம். அதிர்ந்தால் கீழே இருப்பவர் தலையில் செங்கல் விழும். இனி கையுளிதான்.

என் தீராத மனத்தாங்கல் சிவப்புத் தரைக்காக. ஆத்தங்குடிக் கல் பதித்த வீட்டில் கொல்லையைத் துழாவினால் உதிரியாக ஒன்றாவது அகப்படும். சிவப்புத் தரைக்கு உதிரி ஏது? சிமெண்டில் ரெட் ஆக்சைடைக் கலந்து, இறுகுவதற்குள் ஒரே மூச்சாகக் கரணையால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். நடுவில் கை நின்றால் நின்ற இடம் கோடாகத் தெரியும். அப்படிப்பட்ட தரையைக் கும்பகோணத்தில் என் அத்தை வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்து, குனிந்தால் மூக்குத்தி தெரியும்படி வைத்திருந்தார். சமையலறைக்கு அடியில் ஓடிய ஜி.ஐ. குழாய் துருப்பிடித்துப் பொத்துக்கொண்டது. சுவரோரமாகப் புதுக் குழாய் இழுத்திருக்கலாம். யார் கேட்டார்கள்? நட்டநடுவில் வெட்டினார்கள்.

பூசி மூடிய இடம் செங்கல் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. “நாள் ஆக ஆக ஒண்ணாயிடும்மா” என்றார் கொத்தனார்.

“அதுவரைக்கும் நான் இருக்கணுமேப்பா” என்றார் அத்தை. அன்றைக்கே அரிசி டிரம்மை அதன்மேல் நகர்த்தச் சொல்லிவிட்டார். அடுப்புக்குப் போகிற வழியில் அது எல்லார் காலிலும் இடித்தது; யாரும் நகர்த்தச் சொல்லவில்லை.