அழிக்காமல் மாற்றுகிறவர்கள்

சென்னை அண்ணா சாலையை விட்டுச் சற்றே உள்ளே திரும்பினால் வரும் ரிச்சி தெருவும், அதையொட்டிய நரசிங்கபுரம் தெருவும் மின்னணுச் சாமான்களுக்குப் பிரசித்தி பெற்றவை. அங்கே மாடிப்படிகளின் முடிவில் ஒளிந்திருக்கும் சிறு அறைகளில் கணினியைச் செப்பனிடுவோர் இருவகையினர் என்பது என் அபிப்பிராயம். எந்த வியாதிக்கும் ‘ஃபார்மட்’ என்ற ஒரே மருந்தைக் கொடுத்து அனுப்புகிறவர்கள் ஒரு வகை. ஹார்டு டிஸ்கில் உள்ளது அணுவளவும் கலையாமல் மதர்போர்டை மட்டும் மாற்றித் தருவதற்குப் பிரயாசை எடுத்துக்கொள்கிறவர்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையினர் சொற்பம். அவர்களில் ஒருவருடைய வேலையைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன்.

அன்று வந்திருந்தவர் திருவல்லிக்கேணியில் அச்சகம் நடத்தும் பெரியவர். மின்னழுத்தம் ஏறி இறங்கியதில் அவருடைய ஏ.எம்.டி. போர்டு செத்துப் போயிருந்தது. “போர்டு என்ன ஆனாலும் சரி தம்பி, உள்ளே இருக்கிறது மட்டும் அப்படியே இருக்கணும்” என்றார். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7-இல் வடிவமைத்த புத்தகங்களும், யூனிகோடுக்கு முற்பட்ட குறியீடுகளில் அமைந்த எழுத்துருக்களும், விரல்களுக்குப் பழகிப்போன விசைப்பலகை ஒழுங்கும், பிரிண்டர் போர்ட்டில் செருகினாலன்றி மென்பொருளைத் திறக்கவிடாத டாங்கிளும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கும் அந்த விண்டோஸ் 7 கணினியை அழித்து மீண்டும் நிறுவுவதென்றால், பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த ஓர் ஏற்பாட்டைக் குலைப்பதென்றே அர்த்தம். மூல சி.டி.க்கள் எங்கே என்று கேட்டால் பதில் சொல்ல அநேகமாக யாரிடமும் ஒன்றும் இராது.

“மொதல்ல டிஸ்கைக் காப்பி எடுத்துக்குவோம் ஐயா, அப்புறம்தான் ஸ்க்ரூடிரைவர்” என்று சொல்லிவிட்டு, வேறொரு டிஸ்கில் முழுப் பிரதி எடுக்கத் தொடங்கினார் அந்தத் தொழிலாளி. இதற்குப் பொறுமையில்லாதவர் இந்தத் தொழிலுக்கே வரக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. காத்திருந்த வேளையில் புதிய இயந்திரங்களைப் பற்றிப் பேசினார். விண்டோஸ் 10 பெரும்பாலும் தானே புதிய போர்டை அடையாளம் கண்டுகொண்டு எழுந்துவிடுமாம். ஆனால் டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், பழைய போர்டில் இருந்த டி.பி.எம். சில்லு போய்விடுவதால், 48 இலக்க மீட்பு எண் இல்லாமல் திறக்கவே திறக்காதாம். ஆகையால் அந்த எண்ணைக் கொண்டுவந்து காட்டும்வரை அவர் கேபினட்டின் மூடியைத் தொடுவதில்லை.

பெரியவருக்காக அவர் தேர்ந்தெடுத்தது இன்டெல் எச் 61 போர்டு. அதைவிட மிகப் புதியதாகப் போனால் விண்டோஸ் 7-க்கு யு.எஸ்.பி. கீபோர்டும் மவுஸும் வேலை செய்யாமல் போகக்கூடும். தவிர, இந்தப் போர்டில் பிரிண்டர் போர்ட்டுக்கான ஊசிகளும் இருந்தன. பிராசசரும் கூடவே மாறியது, பழைய டி.டி.ஆர். 3 ராம் அப்படியே பொருந்தியது. பேஸ்ட் தடவி, ஃபேனை முடுக்கி, முன்பக்க ஸ்விட்ச்சின் மெல்லிய ஒயர்களைத் தடவித் தடவி மாட்டி, மின்சாரம் கொடுத்ததும் விண்டோஸின் சின்னம் ஒரு கணம் தோன்றியது. மறுகணமே நீலத் திரையும், அதன் அடியில் 7பி என்ற பிழை எண்ணும் வந்து நின்றன.

பெரியவர் முகம் வாடிவிட்டது. தொழிலாளியோ இதை எதிர்பார்த்தே இருந்தார். பழைய போர்டு டிஸ்கை ஐ.டி.இ. முறையில் வாசித்து வந்தது, புதியது ஏ.எச்.சி.ஐ. முறையில் வாசிக்கிறது. அதற்கான டிரைவர் டிஸ்கில் இருக்கத்தான் இருக்கிறது. எனினும், நிறுவிய நாளில் அது தேவைப்படாததால், துவக்கத்திலேயே ஏற்ற வேண்டியவற்றின் வரிசையில் விண்டோஸ் அதைச் சேர்க்கவில்லை. பயாஸின் உதவி முடிந்து விண்டோஸ் தன் காலில் நிற்க வேண்டிய தருணத்தில் தன்னுடைய டிஸ்கையே அதனால் படிக்க முடிவதில்லை. பென் டிரைவிலிருந்து வேறொரு விண்டோஸைத் துவக்கி, டிஸ்கில் உறங்கிக் கிடந்த ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, எம்.எஸ்.ஏ.எச்.சி.ஐ. என்ற டிரைவருக்கு எதிரே இருந்த 3 என்ற எண்ணை அவர் 0 ஆக்கினார். மாற்றம் அவ்வளவுதான். பயாஸில் ஐ.டி.இ. முறைக்கு மாற்றினாலும் பிழைத்திருக்கும் என்றாலும், சரியானதைச் செய்துவிடுவதே மேல் என்பது அவர் கொள்கை. எனக்கும் அது உடன்பாடே.

இம்முறை திரை எழுந்தது. சிப்செட், ஒலி, நெட்வொர்க் ஆகியவற்றின் டிரைவர்களை ஏற்றி, போய்விட்ட ஏ.எம்.டி. சாதனங்களின் மறைந்திருந்த சுவடுகளை டிவைஸ் மேனேஜரில் தேடித் தேடி நீக்கினார். விண்டோஸ் மறுபடியும் ஆக்டிவேஷன் கேட்டது. கணினியோடு சேர்ந்து வந்த உரிமமென்றால் பழைய போர்டோடு அது முடிந்திருக்கும். பெரியவர் தனியாகப் பெட்டியில் வாங்கியிருந்த காரணத்தால் அது செல்லுபடியாயிற்று. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020-இலேயே நின்றுவிட்டதால் இந்தக் கணினியை இணையத்தில் இணைக்க வேண்டாமென்று கண்டிப்பாகச் சொல்லி, நெட்வொர்க் கேபிளைத் தொழிலாளியே கழற்றிக் கொடுத்தார். டாங்கிளைச் செருகிப் பேஜ்மேக்கரைத் திறந்தபோது, பாதியில் நின்றிருந்த புத்தகம் எழுத்துப் பிசகாமல் வந்தது.

இவ்வளவு கவனத்துக்கும் அவர் கேட்ட கூலி, ஃபார்மட் போடுகிறவர்கள் வாங்குவதைவிட அதிகமில்லை. இது அநியாயம் என்று நான் சொன்னேன். பெரியவரும் அதை ஒப்புக்கொண்டு, கேட்டதற்கு மேலேயே கொடுத்தார். பிரதி எடுத்த டிஸ்குக்கான விலையைத் தனியாக எண்ணி வைத்து, அந்த டிஸ்கையும் உறையிலிட்டு வாங்கிக்கொண்டார்.