மணநாட் புடவை

1978ஆம் ஆண்டு. என் விடுதிக் கட்டணத்தைச் செலுத்த வீட்டிற் பணமில்லை. “பழைய பட்டு, சரிகை!” என்று தெருவிற் கூவி வந்த வணிகரை அன்னையார் அழைத்தார், பெட்டியின் அடியிலிருந்த தம் மணநாட் புடவையை அவர்முன் வைத்தார். காஞ்சிப் பட்டு அது. மடிப்புத்தோறும் இழை இற்றுப்போயிருந்தது. ஆயினும் என் நெஞ்சம் பதைத்தது.

வணிகர் கரையினின்று ஓர் இழையை உருவிக் கல்லில் உரைத்தார். முலாம் தேய்ந்ததும் வெண்மை தெரிந்தது. “வெள்ளிச் சரிகைதான், தாயே” என்றார்.

பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளியிழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே மெய்ச்சரிகை. கரையை எரித்தால் நூல் சாம்பலாகும், வெள்ளி எஞ்சும். அதனை மூசையிலிட்டு, வெண்காரம் சேர்த்து உருக்குவர். அவ்வெள்ளி மீண்டும் கம்பியாகிப் புதுப்புடவையில் ஏறலாம். ஒரு குழந்தையின் கொலுசாகவும் ஆகலாம். மாணவர்களே, இன்று விற்கும் சரிகைகள் பலவற்றில் செம்பும் செயற்கை இழையுமே உள்ளன. அவற்றை விற்று எவரும் கட்டணம் செலுத்த இயலாது!

“எரித்துவிடுவார்களே, அம்மா!” என்றேன்.

“பெட்டியிற் பூச்சி அரிப்பதற்கு அது மேல்” என்றார் அன்னையார். ஆனால், வணிகர் மூட்டை கட்டுமுன், முந்தானையில் ஒரு சாண் மட்டும் வெட்டித் தருமாறு வேண்டினார். அதில் தைத்த சிறு பையில்தான் பள்ளி முடியும்வரை என் பேனா இருந்தது.