வரி நோட்டில் அப்பா பெயர்

பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து தென்காசியில் இறங்கும்போதே அக்காவிடமிருந்து வீடியோ. அவள் ஸ்வீடனில், உப்சாலாவில் படிக்கிறாள். ஒரு ஜாடித் தண்ணீரில் நாலைந்து பிர்ச் மரக் குச்சிகள். குச்சிகளில் கலர் கலராக இறகுகள். ஈஸ்டர் நெருங்கினால் அங்கே வீட்டுக்கு வீடு இப்படி வைப்பார்களாம். "வெளியில மரமெல்லாம் இன்னும் மொட்டையாத்தான் நிக்கி. வீட்டுச் சூட்டுல இது மட்டும் துளிர்த்திரும்" என்றாள்.

ஈஸ்டரும் பங்குனி உத்திரமும் பெரும்பாலும் அடுத்தடுத்துதான் வரும். இரண்டுமே பௌர்ணமிக் கணக்கு.

எங்கள் கீழப்பாவூர் பக்கம் தீபாவளிக்கு வராதவர்கள்கூட உத்திரத்துக்கு வந்துவிடுவார்கள். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் அன்றைக்குக் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடிப் போகிற நாள். குளக்கரையிலும் காட்டுக்குள்ளும் வருஷமெல்லாம் தனியாகக் கிடக்கும் கோயிலில் அன்று பொங்கல் பானை வைக்க இடம் கிடைக்காது. பாவூர்சத்திரம் சந்தையில் முந்தின நாளே காய் வாங்கியாயிற்று.

எனக்குத்தான் உள்ளுக்குள் உதறல். எங்கள் கோயிலுக்கு வரி உண்டு. கல்யாணமான ஆணுக்கு ஒரு வரி. அப்பா இறந்தபின் போன வருஷம் துக்கம் என்று போகவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். நோட்டில் அப்பா பெயரை அடித்துவிட்டால், எங்கள் வீடே அதில் இருக்காது.

"பொம்பளப் புள்ளைய பேர எங்கட்டி எழுதுவாக? கட்டிக் குடுத்தா வேற சாமிதான?" என்றார் ஆச்சி.

அக்காவிடம் சொன்னேன். "ரெண்டு வரி கட்டு. வாங்க மாட்டேன்னா போனை அவங்ககிட்ட குடு" என்றாள். அவள் அப்படித்தான். போன ஈஸ்டருக்கு, பெரிய வியாழனன்று, தலையில் துணி கட்டி, கன்னத்தில் சிவப்பு பூசி, சூனியக்காரக் கிழவி வேஷத்தில் இரண்டு வாண்டுகள் கதவைத் தட்டியிருக்கின்றன. வரைந்த படத்தைக் கொடுத்து மிட்டாய் கேட்பது அங்கே வழக்கம். இவளிடம் இருந்தது ஊரிலிருந்து கொண்டுபோன கடலை மிட்டாய். அதையே கொடுத்துவிட்டாள். அந்தப் படம் இன்னும் அவள் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது.

கோயிலில் நோட்டு வைத்திருந்த பெரியவர் அப்பா பெயரில் விரலை நிறுத்தினார். "ஆம்பளப் புள்ள இல்லைலா?"

அம்மா பேசவில்லை. நான் இரண்டு வரிப் பணத்தை நோட்டின் மேல் வைத்தேன். "அப்பா பேரை அடிக்காதீங்க தாத்தா. கீழ எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதுங்க."

பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். இரண்டு முறை பணத்தை எண்ணினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, பென்சிலை எடுத்து எழுதினார். "எல்லார்ட்டயும் கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார்.

பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்பினேன்.

"பென்சிலா?" என்று அக்கா கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மெசேஜ். "சரி, அடுத்த உத்திரத்துக்கு நான் பேனாவோட வாரேன்."