பாதி ரெக்கையால் என்ன பயன்?

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள். இதில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பேத்தியை அழைத்துக்கொண்டு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போயிருந்தேன். அக்கரையில் மலைக்கோட்டை, ஆற்றில் அளவான தண்ணீர். நடுவில் ஒரு பாறைமேல் நீர்க்காகம் இரண்டு ரெக்கைகளையும் விரித்துக்கொண்டு வெயிலில் நின்றது.

"தாத்தா, அதுக்குத் துவட்டிக்கத் துண்டு இல்லையா?" என்றாள்.

சிரித்துக்கொண்டே சொன்னேன்: "வாத்து இறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் வெளி இறகு நனைந்துவிடும். அதனால்தான் காயவைக்கிறது."

"அப்போ அதுவும் நனையாத இறகா வச்சிருக்கலாமே?"

"அது அப்படித்தான்" என்று வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு விளக்கினேன். நனையாத இறகுக்குள் காற்று நிறைய நிற்கும், அதனால் வாத்து மிதக்கும். நீர்க்காகத்துக்கு மிதப்பதைவிட முழுகி மீன் பிடிப்பதுதான் முக்கியம். நனைந்த இறகு அதற்கு உதவுகிறது. உடம்பை ஒட்டிய உள்பக்கம் மட்டும் நனையாமல் இருந்து குளிரைத் தாங்கும். நமக்குக் குறையாகத் தெரிவது அதற்குத் தொழில் கருவி.

நான் வாயை அடக்கியதற்குக் காரணம் 1986-ல் நடந்த ஒரு சம்பவம்.

ஒன்பதாம் வகுப்பில் பரிணாமப் பாடம். கரும்பலகையில் ஆர்க்கியாப்டெரிக்ஸ் படம் போட்டிருந்தேன். 1861-ல் ஜெர்மனியின் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த புதைபடிவம். வாயில் பல், எலும்புள்ள நீண்ட வால், உடம்பில் இறகு. பறவை பறப்பதற்காகத்தான் இறகு வந்தது என்று சொல்லிவிட்டு அரையாண்டுத் தேர்வுக் கேள்விகளுக்குத் தாவினேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், ரெக்கை கொஞ்சம் கொஞ்சமா வந்துச்சுன்னா, பாதி ரெக்கையால பறக்க முடியாதே. அப்புறம் அது எதுக்கு வந்துச்சு?"

எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். "புத்தகத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. பத்தாம் வகுப்பு முடியும்வரை அவள் என்னிடம் வேறு கேள்வியே கேட்கவில்லை.

1871-ல் மைவார்ட் என்ற ஆங்கில அறிஞர் டார்வினுக்கு எதிராக வைத்த கேள்வியும் இதுவேதான் என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா, இந்தப் பதிவு உன் கண்ணில் படுமா தெரியாது. அன்று சொல்லாத பதிலை இன்று சொல்கிறேன்.

இறகு வேறு, சிறகு வேறு. நான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினேன். சிறகுக்கு முன்பே இறகு வந்துவிட்டது. 1996-ல் சீனாவின் லியாவோனிங் பகுதியில் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட சைனோசாரோப்டெரிக்ஸ், இரண்டு காலில் ஓடிய சின்ன டைனோசர். பறக்கவே பறக்காது. ஆனால் உடம்பெல்லாம் பஞ்சு போன்ற இழைகள். அது ஆர்க்கியாப்டெரிக்ஸுக்குப் பிந்தியதுதான் என்றாலும், பழைய வகை இறகை விடாமல் வைத்திருந்த கிளை. உடல் சூட்டைக் காக்க அந்த இழைகள் உதவியிருக்கும். அதன் வாலில் செம்பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் இருந்ததை 2010-ல் கண்டுபிடித்தார்கள். அழகு காட்டவும் இறகு பயன்பட்டிருக்கலாம். விராலிமலை மயில் தோகையை விரிப்பதும் பறக்க இல்லையே.

சரி, பாதி ரெக்கை? 2003-ல் அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தில் கென் டயல் கவுதாரி இனக் குஞ்சுகளை வைத்துப் பார்த்தார். பறக்கத் தெரியாத குஞ்சு, அரைகுறை ரெக்கையை அடித்துக்கொண்டு செங்குத்தான சரிவில் ஓடி ஏறியது. ரெக்கை அடிப்பது காலுக்குப் பிடிமானம் கொடுத்தது. இறகை நறுக்கிவிட்டால் அவ்வளவு செங்குத்தாக ஏற முடியவில்லை. பாதி ரெக்கைக்கும் வேலை இருக்கிறது.

உங்கள் வீட்டில் கோழி வளர்த்தார்கள் என்று ஞாபகம். குஞ்சுக்கு முதலில் பஞ்சு இறகு. பிறகு அதே துளையிலிருந்து குழல் போல முளைத்து விரியும் முழு இறகு. சூட்டுக்கு முதலில், பறக்கப் பிறகு. பதிலில் பாதி உன் வீட்டு முற்றத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தது. உன்னிடமே கேட்டிருந்தால் நாம் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்திருப்போம். அன்று உன்னை உட்கார வைத்தது தவறு. மன்னித்துவிடு அம்மா.

என் மாணவர்களில் பலர் இன்று ஆசிரியர்கள். உங்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பிள்ளை கேட்பதற்குப் பதில் தெரியாவிட்டால், "தெரியல, பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிப் பழகுங்கள். மரியாதை குறையாது. நான் சொல்லாமல் விட்டதால் முப்பது வருடத்துக்கு மேல் மனதில் சுமக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்