தேய்மானக் கணக்கில் வராத ஷாக் அப்சர்பர்

வண்டி வைத்திருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். செயின் எப்போது மாற்றினீர்கள், டயர் எப்போது மாற்றினீர்கள் என்றால் டக்கென்று பதில் வரும். பின் ஷாக் அப்சர்பர் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், "அதெல்லாம் மாத்தணுமா என்ன?" என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு வாத்தியார் இருக்கிறார். 2013 மாடல் தண்டர்பேர்ட் 350. (தெரியாதவர்களுக்கு: ராயல் என்ஃபீல்டு 2002ல் கொண்டுவந்து 2020ல் நிறுத்திய வண்டி. அதன் இடத்துக்கு இப்போது மீட்டியர் வந்துவிட்டது.) வேலை கல்வராயன் மலையில். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி, கரியாலூர் பக்கம் தினமும் ஏறி இறங்க வேண்டும். லீவு விட்டால் வீட்டம்மாவோடு ஏற்காடு, கொல்லிமலை, ஒரு தடவை ராமேஸ்வரம் வரைக்கும். ஓடோமீட்டரில் 92,000 கிலோமீட்டர். ஆயில், ஏர் ஃபில்டர், கிளட்ச் எல்லாவற்றுக்கும் நோட்டு போட்டுக் கணக்கு வைத்திருக்கிற மனிதர். ஷாக் மட்டும் கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடி!

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. தேய்மானம் என்ற செலவே அப்படித்தான். கையை விட்டு ஒரு பைசா போகாது, பில் வராது, ஆனால் வருஷா வருஷம் சொத்து கரைந்துகொண்டே இருக்கும். 2013ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 2ஆம் அட்டவணை மோட்டார் சைக்கிளுக்கு 10 வருஷம் ஆயுள் என்கிறது. கணக்குப் புத்தகத்திலாவது அதை எழுதியாக வேண்டும். ரோட்டில் ஓடும் வண்டிக்கு யார் எழுதுவது? ஷாக் ஒரே நாளில் செத்துப்போவதில்லை. இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். ஓட்டுகிறவரின் உடம்பும் கூடவே பழகிக்கொள்ளும். பள்ளத்தைக் கண்டால் லேசாக எழுந்து நிற்பது, வளைவில் வேகத்தைக் குறைப்பது என்று அவரே பாதி ஷாக் ஆகிவிடுவார்.

பின்சீட்டில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. பள்ளம் வருவதே அவருக்குத் தெரியாது, உட்கார்ந்திருப்பதோ கிட்டத்தட்ட பின் சக்கரத்துக்கு மேலே. வாத்தியார் வீட்டம்மா இரண்டு மூன்று தடவை "என்னங்க, இடுப்பே விட்டுப்போச்சு" என்று சொல்லிப் பார்த்தார். "ரோடு அப்படிம்மா" என்று பதில் வந்தது. அப்புறம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. வெளியூர் என்றால் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். ஆண்களின் துப்பறியும் திறமை பற்றித் தனியாகவே எழுதலாம் :-)

கடைசியில் விஷயத்தைப் புரியவைத்தது ஒரு கொண்டை ஊசி வளைவு. சாயங்காலம், இறக்கம், வளைவுக்கு முன்னால் ரோடு பெயர்ந்த இடம். பிரேக் பிடித்ததும் பின் சக்கரம் தட்டுத் தட்டென்று துள்ளியது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரமெல்லாம் முன்னால் போய்விடும், பின்பக்கம் லேசாகிவிடும். அந்த நேரத்தில் துள்ளுகிற சக்கரம் ரோட்டைத் தொடுவதே விட்டு விட்டுத்தான். அந்த மாடலில் ஏபிஎஸ்ஸும் இல்லை. வண்டி வளைவின் வெளி ஓரம் வரைக்கும் போய், மண்ணில் இழுத்துக்கொண்டு நின்றது. ஓரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று மலை ரோட்டில் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஷாக் என்றால் சொகுசு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதன் முதல் வேலை சக்கரத்தை ரோட்டோடு ஒட்டவைப்பது. ஸ்பிரிங் அடியை வாங்கும், ஆனால் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். உள்ளே இருக்கும் ஆயில் சின்னச் சின்னத் துளைகள் வழியாக நுழைந்து வரும்போதுதான் அந்தத் துள்ளல் சூடாக மாறி அடங்கும். சீல் தேய்ந்து ஆயில் கசிந்துவிட்டால் மிஞ்சுவது வெறும் ஸ்பிரிங்.

இதை முதலில் நிரூபித்ததும் அதே கம்பெனியின் புல்லட்தான் என்பது சுவாரஸ்யம். கரடுமுரடான பாதையில் நடக்கும் போட்டிகளில், பின் சக்கரம் சேஸிஸோடு இறுகி இருந்தால்தான் பிடிமானம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ஸ்விங் ஆர்மும் ஆயில் ஷாக்கும் வைத்த புல்லட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டவர்கள் நிறைய. 1948ல் இத்தாலியில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் பிரிட்டன் அணிக்காக ஓடிய இரண்டு புல்லட்டுகளும் தங்கப் பதக்கத்தோடு திரும்பின. 1955ல் சென்னைக்கு வந்து சேர்ந்த கம்பெனியின் கதை உங்களுக்கே தெரியும்.

மறுநாள் வாத்தியார் மெக்கானிக்கிடம் போனார். பையன் வண்டியை நேராக நிறுத்தி, சீட்டை இரண்டு கையாலும் அமுக்கி விட்டான். நல்ல ஷாக் என்றால் ஒரு தடவை மேலே வந்து அடங்கிவிடும். இது ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஷாக்கின் கம்பியில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினான், எண்ணெயும் புழுதியும் கலந்த கறுப்பு.

"சார், ஆயில் எப்பவோ காலி. இத்தனை நாளா வெறும் ஸ்பிரிங்லதான் வந்திருக்கீங்க."

"அஞ்சாவது கட்டத்துல டைட் வெச்சேனேப்பா?"

"டைட் வெச்சா செத்தது பொழச்சிக்குமா சார்?"

அவன் சொன்னது சரிதான். ஸ்பிரிங்கை டைட் செய்தால் வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான். துள்ளலை அடக்கும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றலாமா என்ற வழக்கமான சிக்கனக் கேள்வியும் வந்தது. கூடாது. ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் ஸ்விங் ஆர்ம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்யாது. பழையதைப் பிரித்து ஆயில் ஊற்றித் தரும் கடைகளும் உண்டு. ஆனால் இது கேஸ் அடைத்த டைப், உள்ளே அழுத்தம் இருக்கும், அறுப்பது ஆபத்து.

மாற்றுகிற வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. டபுள் ஸ்டாண்டு போட்டு, ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்டிய பிறகுதான் அடுத்த பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் சக்கரம் தொங்கிவிடும், போல்ட் துளையை நேர் பார்ப்பதற்குள் பொழுது போய்விடும். ரப்பர் புஷ்ஷும் வாஷரும் புதுசு. ஜோடியின் விலை வாத்தியாரின் ஒரு மாதப் பெட்ரோல் செலவை விடக் கொஞ்சம் அதிகம்.

தனியாகப் போனால் இரண்டாவது கட்டம், ஆள் ஏறினால் நான்கு, இரண்டு பக்கமும் ஒரே கட்டம், 500 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒரு தடவை டைட் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மா பின்சீட்டில் கோமுகி அணை வரைக்கும் போய் வந்தார். ரோடு புதுசா போட்டுட்டாங்களா என்று கேட்டாராம்.

முன்பக்க ஃபோர்க்கில் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று மெக்கானிக் கேட்டதற்கு மட்டும் வாத்தியார் இன்னும் பதில் சொல்லவில்லை.