தண்ணி குடிக்கிற வண்டி

"வண்டி தண்ணி குடிக்குதுண்ணே" என்று டிரைவர் வாயெடுத்ததுமே பட்டறையில் யாராவது ஒருவர் "ஹெட் கேஸ்கட்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார். பல சமயம் அது சரியாகவும் இருந்துவிடும், தொல்லையே அதுதான். சரியாக இல்லாத அன்று ஹெட்டைக் கழற்றி, லேத்துக்கு அனுப்பி, புது கேஸ்கட் போட்டு முறுக்கி முடித்த மறுநாளே ரேடியேட்டரில் தண்ணி இறங்கியிருக்கும்.

எங்கள் பக்கம் ஆலத்தியூரில் ராம்கோ சிமெண்ட் ஆலை 1997-ல் ஓட ஆரம்பித்தது. சுற்றுவட்டாரத்தில் தளவாய், ரெட்டிப்பாளையம், கீழப்பழுவூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஆலைப் புகைபோக்கி தெரியும். கல் ஏற்றும் டிப்பர், மூட்டை ஏற்றும் டாரஸ், தூளாக ஏற்றும் பல்க்கர் எல்லாம் ஒரே ரோட்டில்தான். என் பட்டறைக்கு வருபவை பெரும்பாலும் நாமக்கல், சங்ககிரி பக்கம் வாங்கிய கைமாறிய வண்டிகள். அந்த எஞ்ஜின் எத்தனை முறை கொதித்தது, ரேடியேட்டரில் மஞ்சள் தூள் கொட்டி ஓட்டை அடைத்தார்களா, தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிந்தார்களா என்பதெல்லாம் விற்றவருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அவர் சொல்லப் போவதில்லை.

அதனால் நான் வண்டியைத்தான் கேட்பேன். முதலில் உள்ளே இருக்கிற கலங்கல் தண்ணியை முழுக்க இறக்கிவிட்டு, ரோஸ் நிறக் கூலன்ட் கலந்து ஊற்றுவேன். நிறம் இல்லாத தண்ணி எங்கே போனாலும் அடையாளம் விடாது. பிறகு காலையில், எஞ்ஜின் ஆறிக் கிடக்கும்போது, மட்டம் நிற்கிற இடத்தில் பெயின்ட்டால் ஒரு கோடு. டிரைவரிடம் ஒரு லிட்டர் பாட்டில் கொடுத்து, எப்போது எவ்வளவு ஊற்றினார் என்று எழுதச் சொல்வேன். "கொஞ்சம் கொஞ்சம் குறையுதுண்ணே" என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஓடும்போது குறைகிறதா, ராத்திரி நிறுத்தியிருக்கும்போது குறைகிறதா, லோடோடு போகும்போது மட்டுமா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வெளியே கசிகிறதா என்று பார்க்க எங்கள் ஊர்த் தூசியே எனக்குக் கூட்டாளி. சூடான எஞ்ஜினில் சொட்டுகிற தண்ணி தரையைத் தொடுவதற்குள் ஆவியாகிவிடும். கீழே அட்டை விரித்துப் பார்த்துவிட்டு "ஒரு சொட்டு இல்லை" என்று சொல்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் சிமெண்ட் தூள் பறக்கிற ஊரில் ஈரம் பட்ட இடமெல்லாம் இறுகிப்போகும். வாட்டர் பம்ப்புக்கு அடியில் உள்ள சிறு துளை, ஹோஸ் கிளிப்பின் விளிம்பு, பிளாக்கின் பக்கவாட்டில் அடித்த வட்டத் தகர அடைப்பு, இங்கெல்லாம் ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பார்ப்பேன். ஊதினால் பறந்தால் அது வெறும் தூசி. தட்டினால் சில்லாகப் பெயர்ந்து, அடியில் ரோஸ் கறை தெரிந்தால் கசிவு அங்கேதான். விற்க வருகிறவர் எஞ்ஜினைப் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்தால் எனக்கு உறுத்தும்.

ரேடியேட்டர் மூடியையும் சும்மா விடக்கூடாது. அதில் 1 பார் என்று போட்டிருந்தால், அந்த அழுத்தம் நிற்கிறவரை தண்ணி 120 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் செத்துப்போனால் 100-லேயே கொதித்து, நிரம்பி வழிகிற குழாய் வழியே ஓடும் வண்டியிலிருந்து வெளியேறிவிடும். நூற்றுக் கணக்கில் முடிகிற வேலைக்கு ஆயிரக் கணக்கில் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெளியே போகவில்லை என்றால் உள்ளே. ஆயிலில் கலந்தால் கேஜில் டீ நிறம் காட்டும். கொஞ்சமாகக் கலந்தால் காட்டாது. அப்போது ராத்திரி முழுக்க வண்டியை நிறுத்திவைத்து, காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் சம்ப் பிளக்கை மெல்லத் தளர்த்த வேண்டும். ஆயிலைவிடத் தண்ணி கனம்; அடியில் தங்கியிருக்கும்; முதலில் அதுதான் வரும். ஆயில் கூலரா, லைனருக்கு அடியில் உள்ள ரப்பர் வளையமா என்பது அதற்குப் பிறகு. ஆயிலும் சுத்தம், வெளியேயும் சுத்தம் என்றால் புகையைப் பார்க்க வேண்டும். 2017-ல் பிஎஸ்-4 புகை விதி நாடு முழுக்க வந்தபோது சில கம்பெனிகள் இஜிஆர் முறைக்குப் போயின. சைலன்சருக்குப் போகிற புகையில் ஒரு பங்கைத் தண்ணியால் ஆற வைத்து மறுபடி எஞ்ஜினுக்குள் விடுகிற ஏற்பாடு அது. அந்த இஜிஆர் கூலர் உள்ளே விரிசல் விட்டால் தண்ணி புகையோடு புகையாகப் போய்விடும். ஹெட்டைக் கழற்றிப் பார்த்தாலும் அங்கே ஒன்றும் இருக்காது.

இத்தனையிலும் அகப்படாத ஒரு வழி இருக்கிறது. போன கோடையில் வந்த ஒரு டிப்பர் அப்படித்தான். கசிவு இல்லை, ஆயில் சுத்தம், புகை சுத்தம். ஆறிய எஞ்ஜினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினால் ரேடியேட்டர் வாயில் குபுகுபுவென்று குமிழி. பக்கத்தில் நின்ற டிரைவர், "நான்தான் சொன்னேனேண்ணே, ஹெட்டுதான்" என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டில் ஏர் கேஜ் முள் 8-ஐத் தொட்டது. டேங்க் நிறைந்ததும் காற்றை வெளியே விடுகிற அன்லோடர் புஸ்ஸென்றது. குமிழி நின்றுபோனது.

பிரேக் பெடலை நாலைந்து தரம் மிதிக்கச் சொன்னேன். முள் இறங்கியது, கம்ப்ரசர் மறுபடி வேலையைத் தொடங்கியது, குமிழியும் வந்தது.

"பிரேக்குக்குக் காத்து அடிக்கிற கம்ப்ரசருக்கும் தண்ணிக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

சம்பந்தம் உண்டு. லாரி கம்ப்ரசரின் தலை சூடாகாமல் இருக்க எஞ்ஜின் தண்ணிதான் அதற்குள்ளும் ஓடுகிறது. காற்றுக்கும் தண்ணிக்கும் நடுவே ஒரு மெல்லிய கேஸ்கட். அந்தப் பக்கம் 8 பார் காற்று, இந்தப் பக்கம் மூடி தாங்குவது 1 பார். கேஸ்கட் விட்டால் காற்று தண்ணிக்குள் புகுந்து, ரேடியேட்டரிலிருந்து அதை வெளியே தள்ளும். வண்டி நின்றதும் கதை தலைகீழ். சூட்டில் அழுத்தத்தோடு இருக்கிற தண்ணி கம்ப்ரசருக்குள் இறங்கும், மறுநாள் ஏர் டேங்குக்குப் போகும். டேங்கின் வடிகாலைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். ஏர் டேங்கில் கொஞ்சம் தண்ணி எப்போதும் சேரும். இது ரோஸாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று, ரேடியேட்டர் வாயில் எழும் காற்றை நீல மருந்துக்குள் இழுத்தும் பார்த்தேன். எஞ்ஜின் எரிந்த வாயு வந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடில் மருந்து மஞ்சளாக மாறியிருக்கும். நீலம் நீலமாகவே இருந்தது. வெறும் காற்று.

கம்ப்ரசர் தலையைக் கழற்றி, முகத்தைத் தேய்த்து மட்டம் பார்த்து, கேஸ்கட் மாற்றினோம். ஹெட் வேலைக்கு ஆகிற காசில் அது சின்னப் பங்கு. உள்ளே தண்ணி போகிற வழியெல்லாம் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தது. சுண்ணாம்புக்கல் பூமியில் போர் தண்ணி அப்படித்தான் இருக்கும். டீக்கடைக் குழாயில் பிடித்துப் பிடித்து ஊற்றினால் எஞ்ஜினுக்குள்ளேயும் கல் விளையும். இனி டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி என்று கேனில் கலந்தே கொடுத்தேன்.

ஓனர் வந்தார். வண்டி வந்ததுதான் வந்துவிட்டது, ஹெட்டையும் ஒரு தரம் கழற்றிப் பார்த்துவிடலாமே என்றார். மாட்டேன் என்றேன். பழைய வண்டியில் நன்றாக உட்கார்ந்திருக்கிற ஹெட்டைக் கிளப்பினால் போல்ட் அறுந்து வரும், முகம் வளைந்திருக்கும், ஒன்றுக்கு நாலு வேலை கிளம்பும். "பின்னால ஏதாவது ஆனா?" என்றார். அப்படி ஹெட்டில் ஏதாவது ஆனால் குமிழி வரும். அப்போது முள் 8-ஐத் தொட்டாலும் நிற்காது, அன்றைக்கு வண்டியைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி, அந்தச் சோதனையை டிரைவருக்கே செய்து காட்டி அனுப்பினேன்.