லாமண்ட்டில் வளைகுடா ஈரம்

மே 11
ஓக்லஹோமாவின் லாமண்ட். கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு கண்டெய்னர். அதற்குள்தான் ராமன் லைடார், லேசர் ஒளியால் காற்றின் நீராவியை அளக்கும் கருவி. இருட்டியதும் பச்சைக் கதிர் ஒன்று வானத்துக்குப் போகும் என்று காத்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. லேசர் 355 நானோமீட்டர், புற ஊதா. நொடிக்கு 30 முறை பாய்கிறதாம், நம்ப வேண்டியதுதான்.

மே 12
திரும்பி வரும் ஒளியில் பெரும்பகுதி போன நிறத்திலேயே வருகிறது. நைட்ரஜனில் பட்டுச் சிதறியதில் துளியளவு 387இல் வரும், நீராவியில் பட்டது 408இல். 1928இல் கல்கத்தாவில் ராமன் கண்ட அதே நிறமாற்றம். காற்றில் நைட்ரஜன் எப்போதும் 78 விழுக்காடு. ஆகவே நீராவியின் ஒளியை நைட்ரஜனின் ஒளியால் வகுத்தால் போதும். லேசர் சற்று மங்கினாலும் விகிதம் கெடாது. ஆனால் அந்த விகிதத்தைக் கிராமாக மாற்ற ஒரு மாறிலி வேண்டும். அதை லைடார் தானாகச் சொல்லாது.

மே 13
நள்ளிரவு தாண்டி 12.30க்கு, லைடாரோடு ஒப்பிட ஈரமானி சுமந்த பலூன். தெற்குக் காற்று பலமாக இருந்ததால், ஆயிரம் மீட்டர் ஏறுவதற்குள் அது நாலு கிலோமீட்டர் வடக்கே போய்விட்டது. லைடார் பார்ப்பதோ தலைக்கு நேர் மேலே. வெவ்வேறு காற்றை அளந்துவிட்டு இரண்டும் ஒத்துவரவில்லை என்று அலுத்துக்கொள்வதில் நியாயமில்லை. மொத்த நீராவியைச் சொல்லும் மைக்ரோவேவ் ரேடியோமீட்டரையும் சேர்த்துத்தான் மாறிலியைப் பிடிக்கிறார்கள்.

மே 14
நண்பகல். வெயில் எல்லா நிறத்திலும் ஒளியைக் கொட்டுகிறது, 408 உட்பட. நாலு கிலோமீட்டருக்கு மேல் திரையில் வெறும் இரைச்சல்.

மே 15
இன்றைய இரவுக்காகவே வந்திருக்கலாம். பொழுது சாய்ந்ததும் தரைக்காற்று அடங்கியது. மேலே சில நூறு மீட்டரில் தென்காற்று வேகமெடுத்தது. ஒன்பது மணிக்குத் தரையில் ஒரு கிலோ காற்றுக்கு 11 கிராம் நீராவி, 500 மீட்டரில் 15. சுமார் 800 கிலோமீட்டர் தெற்கே கிடக்கும் மெக்சிகோ வளைகுடாவின் ஈரம், எங்கள் தலைக்கு மேல் பட்டையாக நுழைந்து, நேரம் ஆக ஆகத் தடித்தது. தரையில் நட்ட ஈரமானிக்கு இதில் எதுவும் தெரியாது. வழக்கமான வானிலை நிலையங்கள் 12 மணி நேரத்துக்கு ஒரு பலூன் விடுகின்றன. இடைவெளியில் இது முழுதாக நழுவிவிடும்.

மே 16
மாலையில் இடியும் மழையும். அடர்ந்த மேகத்தை லேசர் துளைக்காது. ஈரம் எங்கே மழையாகிறதோ அங்கே இந்தக் கருவிக்குக் கண் இல்லை. இது சின்னக் குறையல்ல.
மழை விட்டதும் எல்லோரும் ‘என்ன ஈரம்!’ என்றார்கள். ஒப்பு ஈரப்பதம் 95 விழுக்காடு. லைடாரில் பார்த்தால் தரையை ஒட்டிய காற்றில் 16 கிராம் இருந்தது 12 ஆகியிருந்தது. இடிமழை இறக்கிவிட்ட குளிர்காற்றில் நீராவி குறைவு.